மிச்சம் இருந்த கிணறு

அந்தக் குறுநில அரண்மனையில் ஒரு கிறுக்கு வழக்கம் இருந்தது. யார் குறை சொல்ல வந்தாலும் பாட்டாகத்தான் சொல்ல வேண்டும். மன்னருக்குப் பாட்டென்றால் உயிர். குறையென்றால் தலைவலி.

சனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? பாட்டில் கூட்டிக் கூட்டிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அதனால் சபையிலேயே ஒரு புலவரை உட்கார்த்தினார்கள். மன்னர் பாட்டை ரசித்து முடித்ததும் அவர் அதிலிருந்து அணிகளையெல்லாம் களைந்துவிட்டு, மிச்சம் இருக்கும் செய்தியை மட்டும் மன்னரிடம் சொல்வார். புடைத்துப் பதரைத் தள்ளுகிற வேலை.

அந்தப் புலவர் பெயர் இளஞ்சேந்தன். நாற்பது வயது. மருதவாணரிடம் ஒன்பது வருஷம் அணியிலக்கணம் படித்தவர். ஆசிரியர் அவரைவிட ஆறு வயதுதான் மூத்தவர். உவமையா, உருவகமா, உயர்வு நவிற்சியா என்று முதல் அடி முடிவதற்குள் இளஞ்சேந்தன் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் அவர் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். மருதவாணர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, எனக்குத் தெரியாத அணி இன்னும் ஏதாவது இருக்கிறதா?"

மருதவாணர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கடைசியாக யார் பாட்டைப் பிரித்தாய்?"

இளஞ்சேந்தனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மணற்குட்டையிலிருந்து வெள்ளைச்சி என்றொரு பெண் வந்தாள். அடேயப்பா, என்ன குரல்! கிணற்றுத் தண்ணீர் கறுத்துப்போச்சு, மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புது, அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம், ஏழு பிள்ளைகளைச் சாகக்கொடுத்து ஒரே பாயில் கிடத்தினோம், மேலேரி மதகைத் திறந்துவிடு ராசா என்று பாடினாள்."

"பிரித்தாயா?"

"நொடியில். கறுத்த தண்ணீர், துயரத்தின் உருவகம். மாடு முகத்தைத் திருப்புவது தற்குறிப்பேற்றம். தன் மனசை மாட்டின் மேல் ஏற்றிவிட்டாள். ஒரே பாயில் ஏழு பிள்ளைகள், சந்தேகமே வேண்டாம், உயர்வு நவிற்சி."

"மிச்சம்?"

"எங்கள் ஊரில் கிணறு இருக்கிறது, அதன் தண்ணீரைக் குடிக்கிறோம், மதகும் திறக்க வேண்டும். இவ்வளவுதான் மன்னரிடம் சொன்னேன்."

"அவர்?"

"குடிக்கிறார்கள் அல்லவா, பிறகு மதகு எதற்கு என்றார். மேலேரியில் அவர் படகு விடுகிறார் இல்லையா, நீர் குறைந்தால் தரைதட்டிவிடும். ஆனால் பாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்து அனுப்பினார்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள்."

மருதவாணர் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "கிளம்பு."

வெயிலில் இரண்டு நாழிகை நடந்தார்கள். மணற்குட்டைக் கிணற்றடியில் ஆளே இல்லை. அவர் தோண்டியை இறக்கி நீர் மொண்டு, சீடரின் கையில் ஊற்றினார்.

"குடி."

தண்ணீர் கறுப்பாக இருந்தது. இளஞ்சேந்தன் வாய்வரை கொண்டுபோனார். நாற்றம் மூக்கில் ஏறியது. கையை உதறிவிட்டார். மிச்ச நீரை மருதவாணர் கல்தொட்டியில் கொட்டினார். ஒரு மாடு வந்தது. மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச்சி வந்தாள்.

"அரண்மனைப் புலவருங்களா? வாங்க. குடிக்கத் தண்ணி மட்டும் கேக்காதீங்க, குடுக்கப் பயமா இருக்கு."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா," என்றார் இளஞ்சேந்தன். "அந்த ஏழு பிள்ளைகள்…"

"இப்ப எட்டுங்க. எட்டாவது எம் மவன்."

அவளே சொன்னாள்.

"சேலை நல்லா இருந்துச்சுங்க. கிழிக்க மனசு வரல. முழுசாவே அவனுக்குப் போத்தி அனுப்பிட்டேன்."

இளஞ்சேந்தன் அங்கே நிற்கவில்லை. அரண்மனைக்கு ஓடினார். குறை சொல்ல வந்தும் அவர் பாடவில்லை. மூச்சு வாங்க நின்றுகொண்டே சொன்னார்.

"அரசே, மணற்குட்டைக் கிணறு கெட்டுவிட்டது. எட்டுப் பிள்ளைகள் செத்துவிட்டார்கள். மதகைத் திறக்கச் சொல்லுங்கள்."

மன்னர் கண்ணை மூடி ரசித்துக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"அடடா! ஏழு எட்டாகிவிட்டதா? உயர்வு நவிற்சிக்கு மேல் உயர்வு நவிற்சி! சரிதானே புலவரே? எல்லாம் நீர் சொல்லிக்கொடுத்ததுதான்."

"இல்லை அரசே. இது அணியே இல்லை. நடந்தது."

"அப்படி அடித்துச் சொல்கிறீரே, அதுதானய்யா இதில் அழகு!"

இளஞ்சேந்தன் காலில் விழுந்தார். கத்தினார். பெற்ற தகப்பன்போல மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். சபையோர் கைதட்டினார்கள். இப்படி ஒரு அவலச்சுவையைப் பார்த்ததே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று. விடியத்தான் இல்லை. மன்னர் மனமுருகி அவருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார்.

மறுநாள் இளஞ்சேந்தன் சால்வையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆசிரியர் வீட்டுக்குப் போனார். முந்தின நாள் கீரை முற்றத்தில் வாடிக் கிடந்தது. மருதவாணர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மதகு?"

"திறக்கவில்லை."

நடந்ததையெல்லாம் சொன்னார். மருதவாணர் அந்தச் சால்வையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன், ஐயா. அவளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் கூட்டவில்லை. பாவி நான், அதைக் கேட்கத் தெரியாமல் போனேனே! அப்படிச் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கிறதா?"

"இருக்கிறது. தன்மையணி. அணிகளில் அதுதான் முதலாவது."

"அதைப் படித்ததாக எனக்கு நினைவே இல்லையே, ஐயா."

"எப்படி இருக்கும்?" என்றார் மருதவாணர். "மற்றதற்கெல்லாம் ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டேன். அதை மட்டும் ஒரு காலையில், சாப்பாட்டுக்கு நேரமாகிறதென்று பாதியில் முடித்துவிட்டேன்."