பூபதிராயரின் தொண்ணூற்றொன்பது வராகன்

மருதங்குடியை ஆண்ட மணிமார்ப மகாராஜாவுக்கு ஒருநாள் திடீரென்று நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது. "இனி நகரத் தலைவரை நான் நியமிக்கமாட்டேன். ஜனங்களே ஓலை போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்" என்று பறை அறைவித்தார்.

கூடவே ஒரு சட்டம். தேர்தலில் நிற்கிறவர் நூறு வராகனுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஆளுக்கொரு பொருளாளர் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்தலுக்கு முந்தின நாள் அந்தப் பொருளாளர் சபையில் கணக்கைப் படித்துக் கைச்சாத்து போட்டுக் கொடுக்க வேண்டும். வரம்பு மீறினாலோ, கணக்கு பொய்யானாலோ, பொருளாளருக்கு ஒரு வருஷம் பாதாளச் சிறை. வேட்பாளருக்கு? அவர் பாவம், பெரிய மனிதர். எழுந்து நின்று 'வருந்துகிறேன்' என்றால் போதும்.

இத்தனை அழகான சட்டத்தை எழுதிக் கொடுத்த புண்ணியவான் யார் என்கிறீர்கள்? மகாராணியின் தம்பி பூபதிராயர்தான். தேர்தலில் முதல் ஆளாகக் குதித்தவரும் அவரேதான். குதித்த கையோடு, "அத்தான், எனக்குப் பொருளாளராக நம்ம வைரவனைக் கொடுங்கள். நேர்மையான ஆள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வைரவன் அரசவையில் இருந்த விகடப் பேச்சுக்காரன். போன பொங்கலுக்கு ராயரின் கவிதையைச் சபையில் கேட்டுவிட்டு, "பிரமாதம், எப்போது முடியும்?" என்று கேட்டவன். ராயர் அதை மறக்கவில்லை.

அப்புறம் நாற்பது நாள் மருதங்குடியே அமர்க்களப்பட்டது. தெருவுக்குத் தெரு பந்தல், வடை பாயசத்தோடு விருந்து, வீட்டுக்கு வீடு பட்டு வேட்டி. ராயர் நாலு யானை முன்னே போக ஊர்வலம் வந்தார். வைரவன் வாசலில் நின்று பார்த்தான். ஒவ்வொரு யானை கடக்கும்போதும் அவனுக்குப் பாதாளச் சிறைதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிறைக்குப் போய் மீண்ட ஒருவர் இன்னமும் பகலில் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறார்.

கணக்கு கொடுக்கிற நாள் காலையில் ராயர் ஓர் ஓலையை நீட்டினார்.

"எல்லாம் எழுதியாச்சு. மொத்தம் தொண்ணூற்றொன்பது வராகன். கைச்சாத்து மட்டும் போடு."

வைரவன் படித்தான். "எட்டாயிரம் இலை விருந்து, எட்டு வராகனா?"

"ஆமாம்."

"மூவாயிரம் பட்டு வேட்டி, ஆறு வராகன். நாலு யானை நாற்பது நாளைக்கு ஒரு வராகன். ராயரே, யானை விரதம் இருந்ததா?"

"போடாவிட்டால் நீயே உண்மைக் கணக்கை எழுதிக் கொடு. பத்தாயிரம் தாண்டும். அப்பவும் உனக்குத்தான் சிறை" என்று சொல்லி ராயர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

போட்டாலும் சிறை, போடாவிட்டாலும் சிறை. வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓலையை மறுபடி ஒருமுறை படித்தான். அப்புறம் அழுகை நின்றுவிட்டது.

சபை கூடியது. மற்ற வேட்பாளர்களும் தங்கள் பொருளாளர்களோடு வரிசையில் நின்றார்கள். வைரவன் ஓலையைக் கணீரென்று படித்தான். எட்டு வராகன் விருந்தைக் கேட்டதும் சபையில் பல பேருக்கு இருமல் வந்தது.

"மகாராஜா, கைச்சாத்து போடும் முன்னால் ஒரே ஒரு சந்தேகம். ராயரே, இந்த விலையெல்லாம் ஏதோ ஒருநாள் அதிர்ஷ்டத்தில் அகப்பட்டதுதானே?"

ராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதிர்ஷ்டமாவது! வியாபாரிகளுக்கு என்மேல் அவ்வளவு பிரியம். நாளைக்குக் கேட்டாலும் இதே விலைக்கு வாங்குவேன்!"

"எவ்வளவு வேண்டுமானாலுமா?"

"எவ்வளவு வேண்டுமானாலும்!"

வைரவன் அப்படியே ராஜாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "மகாராஜா, நம் கஜானா பிழைத்தது! நவராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம் இலை போட ஆயிரத்து இருநூறு வராகன் ஆகும் என்று மடைப்பள்ளியில் அழுகிறார்கள். ராயர் பன்னிரண்டு வராகனில் முடித்துவிடுவார். படைக்கு ஐயாயிரம் வேட்டி, பத்து வராகன். அரண்மனை யானைகளுக்கும் இனி அவரே தீனி போடட்டும். இப்பேர்ப்பட்ட மனிதரை நகரத் தலைவராக்கி வீணடிக்கலாமா? ஆயுசு முழுக்க அரண்மனைக்குச் சாமான் வாங்க வையுங்கள்!"

மகாராஜா செலவு என்றால் முகம் சுளிக்கிறவர். "அட, சபாஷ்! பூபதி, இந்தா பன்னிரண்டு வராகன். இப்பவே பிடி!"

ராயருக்கு வேர்த்து வழிந்தது. விருந்துக்கு வீடு போகும், வேட்டிக்கு நிலம் போகும், யானைக்கு மனைவியின் நகை போகும். விலை பொய் என்றாலோ, சபை நடுவே சொன்ன வார்த்தை பொய்யாகி மானம் போகும்.

"அத்தான்... நான் தேர்தலிலிருந்து விலகிக்கொள்கிறேன். அந்த விலைக் கணக்கும் வேண்டாம்" என்று முனகினார்.

"என்னப்பா இது? அப்போ நாற்பது நாளாகப் போட்ட விருந்து?"

"அது... தர்மம்."

"தர்மத்துக்கு விலை ஏது?" என்றான் வைரவன். "வேட்பாளர் இல்லையென்றால் கணக்கு இல்லை. கணக்கு இல்லையென்றால் பொருளாளரும் இல்லை." ஓலையை இரண்டாக ஒடித்துப் போட்டான்.

மகாராஜாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து வைரவனுக்குப் போர்த்தினார். "சரி, அடுத்த கணக்கைப் படியுங்கள்" என்று வரிசையைப் பார்த்தார்.

வரிசையில் ஒருத்தர்கூட இல்லை. வாசலில் தர்மப் பிரபுக்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மகாராஜாவின் சிரிப்பு அடங்கிப் போயிற்று. "ஏன் வைரவா, நூறு வராகனுக்குள் செலவு பண்ணினவர் என்று இந்தத் தேர்தலில் ஒருத்தர்கூடவா கிடையாது?"

"இருக்கிறார் மகாராஜா, ஒரே ஒருத்தர். இன்று சபைக்குக் கூப்பிடக்கூட மறந்துவிட்டார்கள்; அவர் நிற்கிறார் என்பதே ஊரில் யாருக்கும் தெரியாது."