இழுக்கிற பக்கம்

"நாய் என்னை இழுத்துக்கிட்டுப் போகுது டீச்சர்" என்றாள் சௌந்தரவல்லி.

முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சேலை ஓரமெல்லாம் மண். அவள் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் அந்த நாய், சுக்கு, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

அவள் டீச்சர் என்று அழைத்தது ரஹ்மத்தை. ஊருக்கு வெளியே இருந்த நாய்க் காப்பகத்தில் நாய்களைப் பழக்குகிறவள் ரஹ்மத். சௌந்தரவல்லிக்கு மகள் வயது. அதிகம் பேசமாட்டாள்.

கணவர் இறந்து வருஷம் திரும்புவதற்குள் சௌந்தரவல்லி தனியாக இங்கே வந்து, கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இந்த நாயைக் கேட்டு வாங்கிப்போனாள். அதற்கு முன் அவள் ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்ததில்லை.

"கடைக்குப் போகலாம்னு இறங்கினா குப்பைத்தொட்டிக்கு இழுக்குது. நான் நெனச்ச எடத்துக்கு அது வரமாட்டேங்குது. அது நெனச்ச எடத்துக்குத்தான் நான் போறேன்."

"இழுத்த பக்கம் போறது உங்களுக்குப் புதுசாம்மா?"

சௌந்தரவல்லி சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

ரஹ்மத் கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தாள். சுக்கு வேலியோரம் பாய்ந்தது. கயிறு விறைத்தது.

ரஹ்மத் நின்றுவிட்டாள்.

நாய் முன்கால்களை ஊன்றி இழுத்தது. முனகியது. பக்கவாட்டில் இழுத்தது. அவள் அங்கேயே நின்றாள். கடைசியில் அது, கயிற்றின் அந்த முனையில் என்னதான் இருக்கிறது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது. கயிறு தளர்ந்தது.

ரஹ்மத் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பதிலுக்கு நாம இழுக்கக் கூடாதா?"

"கூடாது."

"அதட்டவாவது செய்யலாமா?"

"வேண்டாம். அது இழுக்கிற பக்கம் மட்டும் போகாதீங்க."

மறுநாளிலிருந்து சௌந்தரவல்லி தெருவில் நின்றாள்.

தபாலாபீஸ் முனையில் நின்றாள். மாவு மில் வாசலில் நின்றாள். வெயிலில், கையில் கயிற்றோடு, எங்கும் போகாமல் நின்றாள்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"நாய்க்காக."

"நாய் உங்க கையிலதான இருக்கு?"

"இன்னும் வரல" என்றாள்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனால் நகரவில்லை.

ஒருநாள் காலை சுக்கு இழுக்காமல் அவள் கூடவே கடைவரை நடந்து வந்தது. அவளுக்கு அன்று வாங்க ஒன்றும் இல்லை. ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் கொழுந்தன் சண்முகவேல் காத்திருந்தார்.

அது அண்ணன் தம்பி இருவருக்குமாக மாமனார் எழுதிவைத்த வீடு. பாதி அவளுடையது. ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எந்த அறை, விளக்கை எப்போது அணைப்பது என்பதை முதலில் மாமனார் சொன்னார், பிறகு கணவர் சொன்னார், இப்போது சண்முகவேல் சொன்னார். தன் பாதியைச் சௌந்தரவல்லியே மறந்துபோயிருந்தாள்.

"மதினி, சம்பந்தி வீட்டு ஆளுக வரப்போறாக. தெருநாய் வீட்டுக்குள்ள திரிஞ்சா என்ன நெனப்பாக? கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"விடமாட்டேன் தம்பி."

அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. சண்முகவேல் ஒரு கணம் சரியாகக் கேட்டோமா என்று யோசித்தார்.

"நாய்தான் பெரிசுன்னா நீங்களும் அதோடயே போயிருங்க."

சௌந்தரவல்லி உள்ளே போனாள். பையில் நாலு சேலையும் நாயின் தட்டையும் எடுத்து வைத்தாள். தலை நிமிர்ந்து வாசற்படி இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

காப்பகத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது.

"வீட்ட விட்டுட்டு வந்துட்டேன் டீச்சர். போடான்னு வந்துட்டேன். இங்கயே ஒரு மூலை கொடுங்க. கூண்டு கழுவுறேன், சோறு ஆக்குறேன். எனக்கு யாரும் வேண்டாம்."

அவள் குரல் அதிர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்தவளின் குரல் அது.

ரஹ்மத் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து நாயைப் பார்த்தாள்.

"வழியில சுக்கு இழுத்துச்சா?"

"இல்ல. கயிறு தளர்வாத்தான் இருந்துச்சு. சமத்தா வந்துச்சு."

"அப்ப உங்கள இதுவரைக்கும் இழுத்துட்டு வந்தது யாரு?"

சௌந்தரவல்லி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

கூண்டுகளில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. வியர்வை கழுத்தில் வழிந்தது. தோளிலிருந்த பை சட்டென்று கனத்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. பிறகு கோபம் வந்தது, ரஹ்மத்தின் மேல். பிறகு அதுவும் அவள்மேல் இல்லை என்று தெரிந்தது.

"கொஞ்சம் தண்ணி கொடுங்க டீச்சர்" என்றாள்.

ரஹ்மத் கம்பி வழியாகச் சொம்பை நீட்டினாள். சௌந்தரவல்லி குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தாள்.

சண்முகவேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு அவள் பின்னால் வந்த நாயைப் பார்த்தார். எழுந்து நிலைப்படியில் குறுக்கே நின்றார்.

"எதுக்குத் திரும்பி வந்தீய?"

சௌந்தரவல்லி படிக்குக் கீழே நின்றாள்.

அவர் குரல் உயர்ந்தது. செத்துப்போன அண்ணனின் பெயரை இழுத்தார். குடும்ப மானம் என்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சுக்கு அவள் காலோடு ஒட்டி உட்கார்ந்தது. அவள் பதிலுக்குக் கத்தவில்லை. ஓர் அடி முன்னே வைக்கவில்லை. பின்னேயும் வைக்கவில்லை.

அவருக்குச் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்தது.

"இந்த நாய் வீட்டுக்குள்ள திரியக்கூடாதுன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க."

"பொறவு?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி" என்றாள் சௌந்தரவல்லி. "நாய்க்குத் தண்ணி வைக்கணும்."