செம்போத்தின் மூன்று ரசிகர்கள்

இலந்தைப் புதர்கள் மண்டிய ஒரு காட்டில், இரண்டு அணில்கள் பழம் கொறித்தபடியே பேசிக்கொண்டு போயின.

"அந்தச் செம்போத்து நன்றாகப் பாடுகிறதாமே, அக்கா. ஒரு நாள் போய்க் கேட்கலாமா?"

"வேண்டாமடி. அதன் ரசிகர்களிடம் திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்லை."

மேல் கிளையில் உட்கார்ந்திருந்த செம்போத்தின் காதில் இது விழுந்தது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. 'என் ரசிகர்களா? அவர்கள் தங்கமானவர்கள் ஆயிற்றே!' என்று நினைத்துக்கொண்டது. அப்போது அதன் வயிறு இரைந்தது.

குழந்தைகளே, அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுக் கேட்க வருகிறவர்கள் மரத்தடியில் ஏதாவது தின்பதற்கு வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். மைனாக்கள் கூட்டமாகப் பாடும் ஆலமரத்தடியில் அத்திப்பழமும் நாவல்பழமும் குவிந்து கிடக்கும். மைனாக்கள் தின்றது போக மிச்சத்தை எறும்புகள் ஊர்வலமாக இழுத்துப் போகும். செம்போத்து பாடும் வேலமரத்தடியில் சருகுதான் கிடக்கும்.

செம்போத்தின் பாட்டு இதுதான்: "கூப்... கூப்... கூப்..." கேட்கக் கேட்க மனத்தை என்னவோ செய்யும். இதற்காக நாள் தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். எதற்கும் தலையாட்டும் ஓணான். எதையும் தலைகீழாகப் பார்க்கும் வௌவால். எல்லா இடத்துக்கும் கடைசியாக வந்து, தான்தான் முதலில் வந்ததாகச் சொல்லும் ஆமை.

மூவரும் பழம் கொண்டுவருவதில்லை.

"பழம் வைத்துக் கேட்பது மைனா ரசிகர்களின் புத்தி," என்று ஓணான் சொல்லும். "நாங்கள் நெஞ்சையே வைத்துக் கேட்கிறோம், தலைவா!"

முன்பெல்லாம் செம்போத்து புதருக்குள் நடந்து தானே இரை தேடிக்கொள்ளும். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்ட ஓணான் அழுதேவிட்டது.

"தலைவா! பாடுகிற வாயில் புழுவா? இதைப் பார்க்கவா நான் உயிரோடு இருக்கிறேன்?"

அன்றோடு செம்போத்து இரை தேடப் போவதை விட்டது. தன்னை இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்களே, எப்படிக் கீழே இறங்குவது? வேலம்பூவைக் கொறித்துப் பார்த்தது. பிசினை நக்கிப் பார்த்தது. இறகெல்லாம் மங்கி, பறந்தால் மூச்சு வாங்கியது.

அணில்கள் பேசிய மறுநாள், ஒரு முயல் வாயில் கிழங்கைக் கவ்விக்கொண்டு வேலமரத்தடிக்கு வந்தது. கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, "இங்கேதானே செம்போத்து பாடும்?" என்று கேட்டது.

ஓணான் குறுக்கே வந்து நின்றது. "எப்போதிலிருந்து கேட்கிறாய்?"

"இன்றைக்குத்தான் முதல் தடவை."

"இன்றைக்கா!" வௌவால் சிரித்த சிரிப்பில் அது தொங்கிய கிளையே ஆடியது.

"சரி, தலைவர் முதன்முதலில் பாடியது எந்த மரத்தில்?" என்று கேட்டது ஓணான்.

"எனக்கு எப்படி அண்ணா தெரியும்? அப்போது நான் பிறந்திருக்கவே மாட்டேன்."

"மைனாக்கள் பாட்டும் கேட்பாயோ?"

"கேட்பேனே. நன்றாக ஆடலாம்."

ஓணானின் கழுத்து சிவந்துவிட்டது. "ஆடத்தான் பாட்டு வேண்டுமென்றால் அங்கேயே போ. இது புரிந்தவர்கள் உட்காரும் இடம்."

முயல் கிழங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிழங்கு கண்ணிலிருந்து மறையும் வரை செம்போத்து பார்த்துக்கொண்டிருந்தது.

"பாவம், அந்தப் பிள்ளையும் கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே?"

"கூட்டம் சேர்ந்தால் நீ கெட்டுப்போவாய், தலைவா," என்றது ஓணான். "மைனாக்களைப் பார். ஆரம்பத்தில் அவை இப்படியா பாடின?"

"எப்படிப் பாடின?"

"யாருக்குத் தெரியும்? அந்தக் கூட்டத்துக்குள் எந்தக் காலத்திலும் நான் போனதில்லை."

சில நாட்கள் கழித்து, குரங்குக் கூட்டத்தின் மூத்த மந்தி வெற்றிலை பாக்கோடு வந்தது.

"தம்பி, என் பேத்திக்கு நாளை மாலை கல்யாணம். மைனாக்களைத்தான் கேட்டிருந்தோம். அவை பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்ததும் அங்கே போய்விட்டன. நீ வந்து நாலு பாட்டுப் பாடு. நன்றாகப் பழுத்த பலாப்பழம் ஒன்று முழுசாக உனக்கு."

பலாப்பழம் என்றதும் செம்போத்தின் வாயில் எச்சில் ஊறியது.

"மைனாக்களுக்குப் பதில் ஆளா எங்கள் தலைவர்?" என்று வௌவால் கத்தியது. "அதுவும் கல்யாணத்தில்! பந்தி நடக்கும்போது!"

"நான் வருகிறேன், பாட்டி," என்றது செம்போத்து. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. ஆனால் மந்திக்குக் கேட்டுவிட்டது.

"போ, தலைவா," என்றது ஓணான் பெருமூச்சோடு. "பாதுகாப்புக்கு நாங்களும் வருகிறோம்."

மறுநாள் மாலை, கல்யாண மரத்தில் குரங்குகள் கிளைக்குக் கிளை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. நடுவில் பலாப்பழம் மணத்தது. செம்போத்து கண்ணை மூடிப் பாடத் தொடங்கியது.

"கூப்... கூப்... கூப்..."

"ஆகா!" என்று மாப்பிள்ளையின் மாமா கைதட்டியது. குட்டிகள் வாலில் தொங்கிக்கொண்டு தாளத்துக்கு ஆடின. செம்போத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பேர் அதன் பாட்டுக்கு ஆடியதே இல்லை.

"ச்சூ!" என்று சீறியது ஓணான். "யார் அது கைதட்டுவது? மூன்றாவது கூப்புக்குப் பிறகு ஒரு மௌனம் வருகிறதே, அதுதான் பாட்டு. அதில் போய்க் கைதட்டுகிறீர்களே!"

மணப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறாள்! தலைவர் பாடும்போது சிரிக்கிறாள்!" என்றது வௌவால்.

"கல்யாணப் பெண் சிரிக்காமல் பின்னே ஒப்பாரியா வைப்பாள்?" என்று மாமா எழுந்துவிட்டது. "யாரப்பா இந்தத் தலைகீழ் ஆசாமி? பெண் வீட்டுக்காரனா?"

"குட்டிகளை இறக்குங்கள்!" என்று ஓணான் கிளைக்குக் கிளை ஓடியது. "இது ஆடுகிற பாட்டில்லை. அழுகிற பாட்டு!"

அழச் சொன்னதும் இரண்டு குட்டிகள் உண்மையாகவே அழுதன. பாட்டு நடுவில் நின்றது. அந்த நேரம் பார்த்து ஆமை மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"நான் வருமுன் யார் ஆரம்பிக்கச் சொன்னது? முதலிலிருந்து பாடச் சொல்லுங்கள்!"

மூத்த மந்தி தலையில் கைவைத்துக்கொண்டது. பிறகு செம்போத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னது: "உன் பாட்டு எனக்குப் பிடித்திருந்தது, தம்பி. ஆனால் இவர்களிடம் பரீட்சை எழுதித்தான் கேட்க வேண்டும் என்றால், எங்களுக்கு வயதாகிவிட்டது. நீ கிளம்பு. பாடிய வரைக்கும் போதும். பாதிப் பழம் எடுத்துக்கொள்."

மந்தி பலாப்பழத்தைப் பிளந்து பாதியை நீட்டியது. சுளைகள் பொன்னாக இருந்தன. செம்போத்து அலகை நீட்டியது.

அதற்குள் ஓணான் இடையில் பாய்ந்து பழத்தைத் தள்ளிவிட்டது. "எங்கள் தலைவர் பழத்துக்குப் பாடுகிறவர் அல்ல!"

"தலைவர் வாழ்க!" என்று வௌவாலும் ஆமையும் கோஷம் போட்டன.

செம்போத்து வாயைத் திறந்தது. கோஷம் இன்னும் பலமாக எழுந்தது. அது வாயை மூடிக்கொண்டது. விழுந்த பலாவைக் குட்டிகள் கொட்டை மிச்சமில்லாமல் தின்று தீர்த்தன.

நால்வரும் வேலமரத்துக்குத் திரும்பினார்கள். ஆமை வந்து சேரும்போது மறுநாள் விடிந்திருந்தது. ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"பார்த்தாயா, தலைவா? அவர்களுக்கு நீ புரியவே இல்லை!" என்றது வௌவால்.

"இனி எந்தக் கூட்டமும் உன்னைக் கூப்பிடாது," என்றது ஆமை. "நிம்மதி."

ஓணானுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. அது செம்போத்தின் கிளைக்கே ஏறி வந்து, அருகில் உட்கார்ந்தது.

"ஒன்று சொல்லட்டுமா, தலைவா? நேற்றுப் பலாப்பழம் கைநழுவிப் போனதும் உன் முகத்தில் ஒரு சோகம் வந்ததே, அடடா! வயிறு காயும்போதுதான் உன் குரலில் அந்தக் குழைவு வருகிறது. இன்னும் கொஞ்சம் மெலிந்தாயானால் இந்தக் காட்டில் உன்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. அந்தச் சோகத்தை வைத்து இப்போது ஒன்று பாடேன். எங்கள் மூவருக்காக மட்டும்."

சொல்லிவிட்டு, பாட்டு தொடங்கும் முன்பே கண்ணை மூடித் தலையாட்ட ஆரம்பித்தது.

செம்போத்து வாயைத் திறந்தது. ஓணானைக் கழுத்தில் கவ்வி, கிளையில் இரண்டு தட்டுத் தட்டி, வாலோடு விழுங்கியது.

நீதி: பசியோடு இருப்பவனைப் புகழப் போகிறவர்கள், கையில் ஏதாவது கொண்டு போவது நல்லது.