ஆமைக்கு ஒரு மறைவு

"தாயே, இது சாப்பிட மாட்டேங்குது. செத்துப்போயிடும்போல இருக்கு."

சங்கிலியாண்டி கூடையைக் கீழே இறக்கி வைத்தார். கூடைக்குள் ஓர் ஆமை. தலையும் உள்ளே, காலும் உள்ளே. வெளியே தெரிந்தது ஓடு மட்டும்தான்.

பேச்சியம்மை கூடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

பேர்தான் பேச்சியம்மை. பேச்சுக்கு அவளிடம் பெரும் பஞ்சம். வறண்ட ஆற்றங்கரையில், புங்கமரத்தடியில், ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்தாள். சங்கிலியாண்டிக்கு அவள் மகள் வயதுகூட இருக்காது. இருந்தாலும் அந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் அவளைத் தாயே என்றுதான் கூப்பிடும். மனக்கஷ்டம் என்றால் அவளிடம்தான் வந்து நிற்கும்.

"யார் வளர்த்தது?"

"என் பொஞ்சாதி. இருளாயி. மாசியிலே போய்ச் சேர்ந்துட்டா. அதிலேருந்து இதுவும் வாயைத் திறக்கலை. அவ கை பட்ட உசிருன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான், தாயே. இதுவும் போச்சுன்னா எனக்கு யார் இருக்கா?"

"ஒளிஞ்சுக்க இதுக்கு இடம் இருக்கா?"

"வீடு பூரா இதோட இடம்தானே."

"நான் கேட்டது அது இல்லை."

சங்கிலியாண்டி யோசித்தார்.

"அவ கட்டிலுக்கு அடியிலே, பழஞ்சேலை மூட்டைக்குள்ளே கிடக்கும். காரியத்தன்னிக்குக் கட்டிலையும் துணியையும் தூக்கி வெளியே போட்டுட்டாங்க. செத்தவங்க படுத்த கட்டிலை வீட்டிலே வைக்கலாமா?"

"சரி. இங்கேயே ஒண்ணு பண்ணிக் கொடுங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் வாய் தேய்ந்துபோகும் பாருங்கள், எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சங்கிலியாண்டி ஆயுசு பூரா ஜமீன் நெற்களஞ்சியத்துக்குக் காவல் இருந்தவர். ஒரு பிடி நெல் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அப்படிப்பட்டவர் ஒளிய இடம் கட்டினால் எப்படி இருக்கும்?

புங்கமரத்தடியிலேயே பாயைப் போட்டுத் தங்கி, செங்கல் அடுக்கி நாலு பக்கமும் கட்டினார். நாலு பக்கமும் எட்டிப் பார்க்க ஓட்டை விட்டார். மேலே பலகை மூடி, நினைத்தபோது திறக்கலாம். உள்ளே இலவம்பஞ்சை மெத்தையாகப் பரப்பினார். செம்பருத்திப் பூவும் முருங்கைக்கீரையும் வைத்தார்.

ஆமை நட்டநடுவில் கிடந்தது. தலையை நீட்டவே இல்லை.

பால் கொண்டுவரும் முத்துக்கருப்பி தள்ளியே நின்றாள்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா பெரியவரே? அது சரி, வீட்டைவிட நல்லா இல்லே இருக்கு அதுக்குக் கட்டினது! எனக்கும் ஒண்ணு கட்டிக் கொடுங்க, எம்மாமியார்கிட்டேருந்து தப்பிச்சு வந்து படுத்துக்கிறேன்."

சங்கிலியாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. மூடியைத் திறந்தார்.

"ராசாத்தி, முழிச்சிருக்கியா?"

மூடினார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தார்.

"ஒரு வாய் தின்னேன் கண்ணு."

மூடினார். பழக்கம் விடுமா? ஜாமத்துக்கு ஒருதரம் விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பகலில் சொல்லவே வேண்டாம். பூ வாடியது. கீரை கருகியது. அவர் புதுசு வைத்தார், அதுவும் வாடியது. வெயிலும் நிழலும் ஆற்று மணலில் மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தன. நாள் போவதே தெரியவில்லை.

ஆமையைத் தூக்கிப் பார்த்தார். கனம் குறைந்திருந்தது.

பேச்சியம்மையிடம் ஓடினார்.

"தாயே, என்ன குறை வச்சேன்? சொல்லுங்க, மாத்திக் கட்டறேன்."

"சாப்பிட்டீங்களா?"

"என் சாப்பாடு கெட்டுது போங்க."

"உட்காருங்க."

கலயத்தில் கம்மங்கூழ் ஊற்றி, வெங்காயம் வைத்துக் கொடுத்தாள். நல்ல உச்சிவெயில். அந்த வெயிலில் ஒரு விளக்கை ஏற்றினாள். அவருக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சங்கிலியாண்டி கலயத்தை வாயருகே கொண்டுபோனார். அவள் குனிந்து பார்த்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். அவள் அவர் தொண்டையைப் பார்த்தாள்.

"என்ன தாயே இது?"

"இறங்குதான்னு பார்க்கிறேன்."

"இப்படிப் பார்த்தா எப்படி இறங்கும்?"

அவள் விளக்கை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கூழ் அப்படியே இருந்தது. சங்கிலியாண்டி செங்கல் வீட்டைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அப்புறம் ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்தார்.

மரத்தடியில் ஒரு விரிசல் விட்ட பானை கிடந்தது. அதை நெடுக்காக உடைத்தார். பாதியை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து அளவு பார்த்தார். ஆமை நுழைந்தால் ஓடு மேலே லேசாக உரசும். அந்த மாதிரி இடம்தான் ஆமைக்குப் பிடிக்கும் என்று இருளாயி சொல்லியிருக்கிறாள். இத்தனை நாளும் அது ஞாபகத்துக்கு வரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். பஞ்சு வேண்டாம். காய்ந்த மணலைக் குவித்து, அதன்மேல் புங்கஞ்சருகைப் போட்டார். பானையின் முதுகில் மண் போட்டு அணைத்தார். உள்ளே நல்ல இருட்டு.

பேச்சியம்மை வந்து பார்த்தாள்.

"வாசல் எந்தப் பக்கம்?"

சங்கிலியாண்டி தலை குனிந்தார். வாசல் அவருடைய பாயைப் பார்த்து இருந்தது.

"அந்தப் பக்கம் திருப்பினா எனக்குத் தெரியாதே, தாயே."

"என்ன தெரியணும்?"

"இருக்காளா போயிட்டாளான்னு தெரியணும்!" என்று கத்தினார். "உங்களுக்கு என்ன, சொல்லுவீங்க. அவ படுத்த படுக்கையாக் கிடந்தப்ப ராவும் பகலும் பக்கத்திலேயே இருந்தேன். கண்ணை அந்தண்டை இந்தண்டை எடுக்கலை. ஒருநாள் விடியற நேரம், லேசாக் கண்ணசந்துட்டேன். அவ்வளவுதான். முழிச்சா அவ இல்லை. ஒருத்தன் நெல்லை ஆயுசு பூரா காத்தேன், என் வீட்டு உசிரைக் காக்கலையே. இனி நான் எதையும் பார்க்காம விடமாட்டேன்."

புங்கமரம் பூ உதிர்த்தது. தரையெல்லாம் பொரி சிந்தின மாதிரி கிடந்தது.

"நீங்க முழிச்சிருந்தப்ப அவங்க தூங்கினாங்களா?" என்று கேட்டாள் பேச்சியம்மை.

"இல்லை."

"என்ன பண்ணினாங்க?"



"சிரிச்சுக்கிட்டு இருந்தா."

"எப்பவுமா?"

"நான் பார்க்கிறப்ப எல்லாம்."

"வலி இருந்ததா?"

"எலும்பெல்லாம் வலின்னு வைத்தியர் சொன்னார். அவ சொல்லலை."

சொல்லிவிட்டு அவர் பானை மேலிருந்த மண்ணைத் தள்ளினார்.

பேச்சியம்மை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குடிசைக்கு முன்னால் கூட்டப் போய்விட்டாள்.

குடிசைக்குப் பின்னால் ஒரு குட்டிச்சுவர். எந்தக் காலத்திலோ யாரோ கட்டி, பாதியில் விட்டது. சங்கிலியாண்டி பானையையும் சருகையும் அந்தச் சுவருக்கு அப்பால் கொண்டுபோனார். மணலைக் குவித்தார், பானையைப் பதித்தார், மண் அணைத்தார். ஆமையை உள்ளே விட்டார். வாசல் சுவரைப் பார்த்து இருந்தது. கொஞ்சம் கீரையை வாசலோரம் போட்டார்.

திரும்பிப் போகத்தான் நினைத்தார். கால் வரவில்லை. பானைக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்க்க உட்கார்ந்தார்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. கானல்தான் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் சொக்கியது. எங்கோ இருளாயி உலை வைக்கிற சத்தம் கேட்டது. அரிசி களைகிற சத்தம். கண்ணைத் திறந்தால் நின்றுவிடும் என்று மூடியே வைத்திருந்தார்.

அந்த இடத்தில் அவரை யாரும் பார்க்க முடியாது. ஊர் இல்லை, உறவு இல்லை. எழவு வீட்டில்கூட, காவல்காரன் கலங்கக் கூடாது என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்ற மனுஷன் அவர். இப்போது மீசை நனைவது அவருக்கே தெரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் சருகு அசைந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கறுக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

கறுக், கறுக்.

அவர் திரும்பவில்லை. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். அப்படியும் அழுகை அடங்கவில்லை. பெரிதாக வந்தது. மாசியிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்தது.

குடிசை வாசலில் முத்துக்கருப்பி பால் செம்போடு நின்றுவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டாள்.

"தாயே, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழற சத்தம் கேக்குதே! பெரியவர் குரல் மாதிரி இல்லே இருக்கு? ஐயோ பாவம், என்ன ஏதுன்னு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

பேச்சியம்மை அவள் முன்னால் பாத்திரத்தை நீட்டினாள்.

"நீ பாலை ஊத்து."