பொன்னுலிங்கத்தின் குரல்

பார்வையற்றோர் நூலகம் ஒன்றின் கணினிகளைக் கவனித்துவந்தவர் ஹலீமா. அவரிடம் லினக்ஸ் இயங்குதளம் கற்றுக்கொள்ள வந்தவர் ஆறுமுகநயினார், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஹலீமாவுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஹலீமா வெளியூர் போனபோது, கணினிகளைப் புதுப்பிக்கும் வேலையை நயினாரே ஏற்றுக்கொண்டார்.

புதுப்பிப்பு பாதியில் நின்றது. மென்பொருள்களை இணையத்தில் சேர்த்துவைத்து வழங்கும் முதன்மைக் களஞ்சியத்திலிருந்து, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் பேச்சு மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. உள்ளே ஏற்கெனவே இருந்த தமிழ்க் குரல் அதோடு ஒத்துப்போகவில்லை. பொன்னுலிங்கம் என்பவர் தன் குரலையே பதிவுசெய்து, தனியாக ஒரு சின்னக் களஞ்சியம் வைத்து வழங்கிய மென்பொருள் பொதி அது. அதை நீக்கிவிட்டுத் தொடரலாமா என்று திரை கேட்டது.

புதுசு வந்தால் பழசு விலகத்தானே வேண்டும் என்று நினைத்தார் நயினார். ஆம் என்று தட்டினார். கணினியின் நினைவக வட்டில் இடம் போதவில்லை என்று, சேர்ந்து கிடந்த பழைய பொதிகளின் நகல்களையும் துடைத்துவிட்டார். எல்லாக் கணினிகளிலும் அப்படியே செய்தார். வேலை சுத்தமாக முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் காலை வேதவல்லி வந்தாள். சட்டம் படிக்கிறவள், தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சார், இது யாரு படிக்கிறது?”

“புதுக் குரல்மா. நல்லா இல்லையா?”

“வார்த்தை துண்டு துண்டா விழுது. அவர் எங்க சார்? எட்டாவதுலேர்ந்து எனக்கு அவர்தானே படிச்சுக் காட்டுறார்.”

நயினாருக்குச் சுருக்கென்றது. “திரும்பக் கொண்டுவந்துடறேன்மா” என்றார்.

முடியவில்லை. பொன்னுலிங்கம் காலமாகி வெகுநாளாகியிருந்தது. அவருடைய களஞ்சியமும் மூடப்பட்டுவிட்டது. ஊரிலிருந்து திரும்பிய ஹலீமா தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டுப் பார்த்தார். யாரிடமும் ஒரு நகல் இல்லை.

“பரவாயில்ல சார், பழகிக்கிறேன்” என்றாள் வேதவல்லி.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று மதியம் ஹலீமாவின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

“டீச்சர், அந்தப் பழைய குரலைப் போகவிடாம அப்படியே நிறுத்தி வெச்சிருக்கலாமா?”

“வெச்சிருக்கலாம். ஒரே ஒரு கட்டளைதான். நானும் ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கணும் சார். வெக்கல.”

நயினார் தலை குனிந்தார். பிறகு கேட்டார்.

“ரெண்டு களஞ்சியம் மோதிக்கிட்டா, எதை வெச்சுக்கணும், எதை விடணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“அன்னைக்குத் திரை என்ன கேட்டது?”

“நீக்கலாமான்னு கேட்டது.”

“யாரைக் கேட்டது?”

“என்னைத்தான்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேதவல்லி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹலீமாவின் பார்வை அவள்மேல் இருந்தது.

“நீங்க யாரைக் கேட்டீங்க சார்?”