நின்ன புதனும் ஓடுன தேரும்

தள்ளிப் படுடி மதி, பெரியம்மாவுக்கும் கொஞ்சம் எடம் விடு. அழுது முடிச்சாச்சா? மூக்கை என் முந்தானையில தொடைக்காதே, இப்பத்தான் மாத்திக் கட்டினேன். சரி சரி, தொடைச்சுக்கோ.

மத்தியானம் அந்த ஜோசியக்காரர் உன் ஜாதகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு என்ன சொன்னாரு? இந்தப் புள்ள பொறந்த அன்னைக்குப் புதன் நகராம ஒரே எடத்துல நின்னுக்கிட்டிருந்தான், அதான் பேச்சு நின்னு நின்னு வருது, இனிமே அது அப்படித்தான்னாரு. உங்கம்மா அதைக் கேட்டுத் தலையை ஆட்டிட்டு, நாளைக்கு டீச்சர்கிட்டப் போயி, ஆண்டு விழாவுல எல்லாரையும் 'வருக வருக'ன்னு சொல்றதுக்கு எம்பொண்ணு வேண்டாம், வேற புள்ளைய வெச்சுக்கோங்கன்னு சொல்லப் போறாளாம். எனக்கு அப்பவே பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த ஆளுக்குக் காப்பி வேற போட்டுக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். போகட்டும், நீ கதையைக் கேளு. 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா நான் பாதியில குறட்டை விட்டுருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு தேரு இருந்துச்சு. சின்னத் தேரு இல்ல. நாலு மரச்சக்கரம், ஒவ்வொண்ணும் நம்ம வாசக்கதவு ஒசரம். ஊரே கூடி வடத்தைப் புடிச்சு இழுத்தாத்தான் அசையும். இழுக்கிறது கூடப் பெருசில்லடி, நிறுத்துறதுதான் பெருசு. ஓடுற தேரைக் கையால நிறுத்த முடியுமா? அதுக்குன்னு கட்டைக்காரங்க இருப்பாங்க. சக்கரத்து கூடவே நடந்து வருவாங்க, நேரம் பாத்து முட்டுக்கட்டையைத் 'தொப்'புன்னு சக்கரத்துக்கு அடியில போடுவாங்க. தேரு 'க்ர்ர்ரீச்'சுன்னு நிக்கும். முக்குக்கு முக்கு அப்படி நின்னாத்தான் அடுத்த வீதிக்குத் திரும்ப முடியும். நிக்காத தேரு திரும்பாது, செவத்துலதான் போயி முட்டும்.

அப்புறம், அந்த நேரம் எதுன்னு கட்டைக்காரங்களுக்கு யாரு சொல்றது? தேருக்கு முன்னால ஒருத்தர் நடந்து வந்து 'நில்லு'ன்னு குரல் குடுப்பாரு. அது ஒரே வீட்டோட முறை. தாத்தன் குடுத்தாரு, அப்பன் குடுத்தாரு, அப்போ மருதையன்னு ஒருத்தர் குடுத்துக்கிட்டிருந்தாரு. அவருக்குக் காணி கரை ஒண்ணும் கிடையாது. ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்கிறதுக்கு அந்தக் குரல் முறை ஒண்ணுதான் இருந்துச்சு.

அவருக்கு ஒரே பொண்ணு. பேரு வடிவாச்சி. அவ பொறந்ததும் ஜாதகம் கணிக்கிறதுக்கு நாகப்ப ஜோசியர் வந்தாரு. பஞ்சாங்கத்தைப் பொரட்டினாரு, விரலை மடக்கினாரு, நீட்டினாரு, உதட்டைப் பிதுக்கினாரு. புதன் ஸ்தம்பிச்சு நிக்கிறான், அசையவே இல்ல, பேச்சுக்கு அதிபதியே நின்னுட்டா பேச்சு எங்கேருந்து வரும், இது ஊமையாப் போகும், இல்லேன்னா திக்கும்னுட்டாரு. கேட்டுக்கிட்டிருந்த ஆத்தாக்காரி பச்ச ஒடம்புக்காரி. ஆனா வாயி மட்டும் படுக்கல. பாயில இருந்தபடியே கேட்டா.

"உழுற மாடு வரப்புகிட்டப் போனதும் நிக்குது. செத்துப்போச்சுன்னா சொல்லுவீரு? திரும்புறதுக்கு நிக்குதுய்யா. புதன் எதுக்கு நின்னான்னு அடுத்த பக்கத்தைப் பொரட்டிப் பாத்தீரா?"

ஜோசியர் அடுத்த பக்கத்தைப் பொரட்டவே இல்ல. பொறந்த நாளைப் பாத்தாப் போதும், பொம்பளைக்கு என்னத்துக்கு இந்தக் கேள்வியெல்லாம்னு பஞ்சாங்கத்தை மூடிக் கக்கத்துல சொருகிக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

"ம்."

தூங்கலியே? சரி. அப்புறம் வடிவாச்சி வளந்தா. பேச்சும் வந்துச்சு. ஆனா நின்னு நின்னுதான் வந்துச்சு. 'தண்ணி'ன்னு சொல்றதுக்குள்ள 'த'வுல ஒரு தரம் நிக்கும். ஊர்க்காரங்களுக்குக் கேக்கணுமா? பாத்தியா, ஜோசியர் வாக்கு பொய்க்குமான்னாங்க. பொய்க்காதுதான். அவ வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடியே இவங்களே முந்திக்கிட்டுச் சொல்லி முடிச்சுட்டா, எந்தப் புள்ளைக்குத்தான் பேச்சு வரும்? நீயே சொல்லு.

வீட்டுல ஒரு வண்டி மாடு இருந்துச்சு, அது மட்டும் முந்திக்காது. அவ 'நில்லு'ன்னு சொல்றதுக்கு வாயைத் தொறந்தா அந்தச் சொல்லு 'நி'யில நிக்கும் இல்ல, அதுக்குள்ள மாடு நடையைத் தளத்திக்கும். சொல்லு வந்து விழுறப்போ கரெக்டா காலை ஊனி நிக்கும். அதனால அவளும் ஒண்ணு கத்துக்கிட்டா. தன் சொல்லு எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு, அந்த நேரத்துக்கு முன்னாடியே வாயைத் தொறந்துருவா.

அப்புறம் ஒரு வருஷம் பங்குனித் தேருக்கு நாள் குறிச்சாச்சு. அப்பப் பாத்து மருதையனுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை போச்சு. 'உஸ்ஸு உஸ்ஸு'ன்னு காத்துதான் வருது, குரல் வரல. முறைப்படி அடுத்தது மகதான் குடுக்கணும். ஊர்க்கூட்டம் போட்டாங்க. ஜோசியர் எந்திரிச்சாரு. நின்ன புதன்காரி குரல் குடுத்தாத் தேரு நடுவீதியில நின்னு போகும், ஊருக்கு ஆகாது, என் தங்கச்சி மவன் தண்டபாணிக்கு வெங்கலத் தொண்டை, இனிமே முறையை அவனுக்கே குடுத்துடுங்கன்னாரு. எல்லாரும் சரி சரின்னாங்க. மருதையன் துண்டால மூஞ்சியைப் பொத்திக்கிட்டாரு, பாவம். அப்போ வடிவாச்சி கூட்டத்து நடுவுல வந்து நின்னா.

"மு… முறை… எங்களோடது."

அவ்வளவுதான் சொன்னா. கூட்டம் 'கொல்'லுன்னு சிரிச்சுது. ஒருத்தன் அவளை மாதிரியே 'மு… மு…'ன்னு பேசிக் காட்டினான். ஆனா அவ தலையைக் குனியல. சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனா. போயி அழுதா. அழாம என்ன பண்ணுவா.

"ம்…"

ஏண்டி இப்படி இறுக்கிப் புடிக்கிற? கையை விடு, வலிக்குது. தேருக்கு வந்துட்டோம், கேளு.

'டம் டம் டம்'முன்னு மேளம். சாமி மேல ஏறியாச்சு. ஜோசியரும் பெரிய மனுஷராச்சே, சாமிக்குப் பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டாரு. கீழ தண்டபாணி தலைப்பாகை கட்டிக்கிட்டு ஆரம்பிச்சான் பாரு, வாயை மூடவே இல்ல. இழு, விடு, புடி, ஏய், ஓய், அப்படின்னு ஒரே கூப்பாடு. இந்தச் சத்தத்துல எது நில்லு, எது செல்லுன்னு கட்டைக்காரங்களுக்கு என்ன புரியும்?

மொத முக்கு வந்துச்சு. நில்லுன்னான். கட்டையைத் தூக்குறதுக்குள்ள சக்கரம் தாண்டிப்போச்சு. 'சரசரசர'ன்னு பூக்கடைக் கூரையைப் பேத்துக்கிட்டுத்தான் நின்னுச்சு தேரு. பூக்கடைக்கார அம்மா, எம்பொழப்பு போச்சேன்னு தலையில கையை வெச்சுக்கிட்டா.

ரெண்டாவது முக்கு. போன தடவை லேட்டாச்சுன்னு இந்தத் தடவை முன்னாடியே கத்தினான். அரைகுறையா விழுந்த கட்டை 'சடார்'னு சக்கரத்துல பட்டுத் தெறிச்சுது. ஒரு கட்டைக்காரர் கால்ல ரத்தம். தேரு போயி மண்டபத்துத் தூண்ல 'டமார்'னு இடிச்சு நின்னுச்சு. மேல ஜோசியருக்கு வேர்த்துக் கொட்டுது. இருந்தாலும் கீழ எட்டிப் பாத்து, எல்லாம் அந்தப் பொண்ணு கண்ணு பட்டதுன்னாரு. கொழுப்பைப் பாரு.

அடுத்தது மூணாவது முக்கு. அதைத் தாண்டினா எறக்கம். எறக்கத்தோட அடியில நாலாவது முக்கு, அங்கேயே தண்ணிப்பந்தல். பந்தல்ல வடம் புடிக்க முடியாத கெழவங்களும் உன்னை மாதிரி பொடிசுங்களும் மோர் குடிச்சுக்கிட்டிருக்காங்க. பந்தலுக்குப் பின்னால கொளம். தேரு முக்குல தட்டுத் தடுமாறி நின்னு திரும்பி எறக்கத்துல எறங்குச்சா, 'கட… கட… கடகடகட'ன்னு தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. வடம் புடிச்சவங்க வடத்தைப் போட்டுட்டு ரெண்டு பக்கமும் செதறிட்டாங்க. தண்டபாணி நில்லு நில்லு நில்லுன்னு கத்துறான், கத்திக்கிட்டே ஓடுறான். கட்டைக்காரங்க கட்டையும் கையுமா சக்கரத்துக்குப் பக்கத்துல ஓடி வராங்க, யாருக்கும் எப்போ போடுறதுன்னு தெரியல.

அப்போ வடிவாச்சி என்ன பண்ணா?

"…ம்?"

ஓடல. எல்லாரும் மேட்டைப் பாத்து ஓடுறாங்க, இவ நேரா தேருக்கு முன்னால வந்து, பந்தலுக்கு இந்தப் பக்கம் வீதி நடுவுல நின்னா. தேரு அவளை நோக்கி வருது, மலை மாதிரி. அவ கையை ஒசத்தினா. வாயைத் தொறந்தா.

"நி…"

நின்னுபோச்சு. சொல்லு தொண்டையிலயே நின்னுபோச்சு. ஜோசியர் மேலேருந்து, ஐயோ நாந்தான் சொன்னேனேன்னு அலறுறாரு. ஆனா கட்டைக்காரங்க அவ வாயையே பாத்தாங்க. அத்தனை கூச்சல்ல பேசாம இருந்தது அந்த ஒரு வாயிதான். என்னமோ வரப்போகுதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. கட்டையைத் தூக்கினாங்க, குனிஞ்சாங்க, சக்கரத்தோட ஓட்டத்துக்குக் கையைக் கொண்டுவந்தாங்க. எல்லாரும் தயாரா இருக்கிறப்போ அந்தச் சொல்லு வந்து விழுந்துச்சு.

"…ல்லு."

தொப். தொப். தொப். தொப். 'க்ர்ர்ர்ரீச்'.

தேரு நின்னுச்சு. அவ நெத்திக்கும் தேருக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். மேல கட்டியிருந்த மணி மட்டும் 'கிணி கிணி'ன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. பந்தல்ல ஒரு சின்னப்பய மோரை வாயில வெச்சபடியே பாத்துக்கிட்டிருந்தான், அவன் மேல ஒரு தூசு படல.

அப்புறம் மருதையன் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு ஓடி வந்து மகளைக் கட்டிக்கிட்டாரு. குரல்தான் இல்லியே, தோளு மட்டும் குலுங்குது. ஜோசியர் தேர்லேருந்து எறங்கினாரு. எறங்கினதும் மொத வேலையா வேட்டியை ஒதறிக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? நின்ன கிரகத்துக்குத்தான் பலம் ஜாஸ்தி, ஒரே எடத்தையே பாத்துக்கிட்டு நிக்கும் பாருங்க, சாஸ்திரத்துலயே இருக்கு, நான் அன்னைக்கே நெனச்சேன்னாரு. விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலியாம். ஊரும் உடனே ஆமா ஆமா, புதன் அனுக்கிரகம்னு கன்னத்துல போட்டுக்கிச்சு.

வடிவாச்சி அவரைப் பாத்தா. வாயைத் தொறந்தா. ஊரே காத்துக்கிட்டு நின்னுச்சு, இந்தத் தடவை ஒருத்தரும் முந்திக்கல.

"பு… புதன் குரல் குடுக்கல. நா… நான் குடுத்தேன். தள்ளி நில்லுங்க… தே… தேரு திரும்பணும்."

ஜோசியர் தள்ளி நின்னாரு. கட்டையை எடுத்தாங்க, தேரு திரும்புச்சு. அப்புறம் நெலைக்கு வர்ற வரைக்கும் அவதான் குரல் குடுத்தா. அந்த வருஷம் மட்டுமில்ல, கெழவியாகுற வரைக்கும் அவதான். திக்கு வாய் போச்சான்னு கேக்கிறியா? போகல. அது எதுக்குப் போகணும்? அவளுக்கு அது தொந்தரவா இல்ல. ஊருதான் பொறுமையாக் கேக்கக் கத்துக்கிச்சு.

என்னடி, தூங்குவேன்னு பாத்தா எந்திரிச்சு உக்காந்துட்ட. என்ன வேணும்? தண்ணியா? இல்லியா? சரி, சொல்லு. பெரியம்மா எங்கயும் போகல. நீ மெதுவாவே சொல்லு.

"நா…"

ம்.

"நா… நாளைக்கு… டீ… டீச்சர்கிட்ட… அம்மா சொல்ல வேணாம். வ… வருக… நானே சொல்றேன்."

ம். கேட்டுச்சுடி ராசாத்தி. பக்கத்து ரூமுல உங்கம்மாவுக்கும் கேட்டிருக்கும், வெளக்கைப் போடுறா பாரு. வரட்டும், நான் பேசிக்கிறேன் அவகிட்ட. இல்ல, நீயே இன்னொரு தரம் சொல்லு, அவ நின்னு கேக்கட்டும். தேரும் நெலைக்கு வந்தாச்சு, கதையும் நெலைக்கு வந்தாச்சு. சொல்லிட்டுக் கண்ணை மூடு.