ஐந்து மணிக்கு மூட வேண்டும்

மலைமேல் இருந்த மடத்தில் தோட்டம் சிஸ்டர் ஸ்கொலாஸ்திக்காவின் பொறுப்பு. அந்த ஆண்டு மடத்தில் சேர்ந்த லீதியாவை அவரிடம் வேலை பழக விட்டிருந்தார்கள்.

அக்டோபர் முதல் நாள் சிஸ்டர் ஆறு பாயின்செட்டியா தொட்டிகளை எடுத்து வைத்தார். போன கிறிஸ்துமஸுக்குச் சிவந்து, பிறகு வெறும் பச்சையாகிப்போன செடிகள்.

“மூணு உனக்கு, மூணு எனக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவுத்து மூடணும். காலையில எட்டு மணிக்குத்தான் எடுக்கணும். நடுவுல பொட்டு வெளிச்சம் படக்கூடாது. ராத்திரி முழுக்க இருட்டுல இருந்தாத்தான் இலை சிவக்கும். கிறிஸ்துமஸ் குடில் முன்னால வைக்க ஆறும் வேணும்.”

நவம்பர் கடைசியில் சிஸ்டரின் செடிகளில் மேல் இலைகள் சிவந்தன. லீதியாவுடையவை கீரைப்பாத்தி மாதிரி நின்றன.

“அதே மண்ணு, அதே தண்ணி. எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர் இப்படி?”

மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

“மணி அடிக்கிறவரைக்கும் தூங்கப்போறேன். தூங்கிட்டேனான்னு அப்பப்போ கேட்டுக்க.”

லீதியா கொஞ்சம் பொறுத்தாள். “சிஸ்டர், தூங்கிட்டீங்களா?”

“இல்ல.”

“இப்போ?”

“இல்லம்மா.”

நாலாவது தடவை கேட்கும்போது மணி அடித்துவிட்டது. சிஸ்டர் கொட்டாவி விட்டபடி எழுந்தார். லீதியாவைப் பார்த்தார்.

“செடி சிவக்கும்னு பார்த்தா நீ சிவக்கிற.”

“ஒரு நிமிஷந்தான் சிஸ்டர். படுக்கப்போறதுக்கு முன்னாடி பெட்டியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு உடனே மூடிடுவேன்.”

“எதுக்கு?”

“உயிரோட இருக்கான்னு.”

“இருந்துச்சா?”

“ம்.”

“அப்புறம் ஏன் மறுநாளும் திறந்த?”

லீதியா அங்கியின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கினாள். “எங்க பாப்பா தூக்கத்துலயே போயிட்டா சிஸ்டர். என் தங்கச்சி. பக்கத்துலதான் படுத்திருந்தேன். நல்லாத் தூங்கிட்டேன்.”

சிஸ்டர் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி எடுத்தார். அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இனிமே மூடினா சிவக்குமா?” என்றாள் லீதியா.

“கிறிஸ்துமஸுக்கு வராது. பொங்கல் கழிச்சு வரும்.”

“நடுவுல செத்துட்டா?”

“எட்டு மணிக்குத் தெரியும்.”

சாயங்காலம் ஐந்தடித்ததும் லீதியா மூன்று பெட்டிகளையும் கவிழ்த்தாள். கடைசிப் பெட்டிமேல் வைத்த கை அங்கேயே இருந்தது.

“கையையும் எடும்மா,” என்றார் சிஸ்டர்.